கால் சுற்று

பின்சக்கரத்துக் குடத்தை
அச்சோடு கவ்விப் பிடிக்கிறது ஒரு கிளாம்ப்.
கிளாம்புக்கு நாலு போல்ட்.
இரண்டு சக்கரத்துக்கு எட்டு.
எங்கள் இரண்டு வீட்டு உருளைக்கிழங்கும்
மன்னவனூர்ச் சரிவில் இறங்குவது
இந்த எட்டை நம்பித்தான்.

எஸ்டேட் ஏலத்தில் எடுத்த டிராக்டர்.
பேர்த்தகடு உதிர்ந்து ஆணித்துளை இரண்டு மிச்சம்.
மெக்கானிக் ஆரோக்கியம் முன்மூடியைத் தூக்கிப் பார்த்து
"இது எங்கப்பனுக்கு மூத்தது" என்றார்.
அவருக்கே அறுபத்திரண்டு.

பாதிப் பணம் என்னுடையது, பாதி என் ஓரகத்தியுடையது.
அவள் பேர் பேச்சி.
விதைப்பூண்டு எடையில் முக்கால் கிலோ இடித்ததிலிருந்து
எட்டு மாதமாய்ப் பேச்சில்லை.
நிலத்தைப் பிரித்தோம். கிணற்றுக்கு முறை வைத்தோம்.
வண்டியை எப்படிப் பிரிக்க?
திங்கள் புதன் வெள்ளி எனக்கு,
செவ்வாய் வியாழன் சனி அவளுக்கு.
ஞாயிறு முழுக்க அது பனியில் நனைந்தபடி
யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

போல்ட் தளர்ந்ததா என்று
கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியாது.
துருதான் சொல்லும்.
குடமும் அச்சும் உரசுமிடத்தில்
குங்குமச் சிமிழைத் தட்டிவிட்டாற்போல்
மெல்லிசாய்ச் செந்தூள் கசியும்.
துடைத்துத் துடைத்தே ஓட்டினார் ஒரு கிளாவரைக்காரர்.
சக்கரம் அச்சைவிட்டுக் கழன்று
தனியாக முட்டைக்கோஸ் காட்டுக்குள் போய்
ஒரு வட்டம் அடித்துப் படுத்துக்கொண்டது.
ஆள் தப்பினார்.

நான் இறுக்கி முடித்ததும்
போல்ட் தலையிலிருந்து குடம்வரை ஒரு கோடு இழுப்பேன்,
ஆரஞ்சு நிற நெயில் பாலிஷில்.
கோடு ஒடிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.
ஒரு புதன்கிழமை ஒடிந்திருந்தது.
பக்கத்திலேயே புதிதாக மெரூன் கோடு.
என் இறுக்கம் போதாதென்று
அவள் மேலே இறுக்கியிருக்கிறாள்!
சுருக்கென்றது.
ஸ்பேனரில் நாலடிக் குழாயை மாட்டித் தொங்கினேன்.
வியாழக்கிழமை அவளும் தொங்கியிருக்க வேண்டும்.

ஆரோக்கியம் திட்டினார்:
"முதல் லோடு இறக்கினதும் நிறுத்தி
ஒரு கால் சுற்று. அவ்வளவுதான்.
அந்தம்மாகிட்டயும் சொல்லிடு."
சொல்வேனா?
'கால் சுற்று போதும்' என்று துண்டுச்சீட்டில் எழுதி
இருக்கைக்கடியில் செருகினேன்.
வெள்ளியன்று சீட்டின் மறுபக்கத்தில்:
'தெரியும்.'

ஐப்பசி, திங்கள்.
இருபத்திரண்டு மூட்டையோடு பாதிச் சரிவில் நிறுத்திக் குனிந்தேன்.
பள்ளப்பக்கச் சக்கரத்தில் செந்தூள்.
நாலு போல்ட்டிலும் கோடு ஒடியவில்லை,
ஆரஞ்சும் சரி, மெரூனும் சரி.
புரியாமல் விரலால் தடவினேன்.
கிளாம்பின் இரண்டு உதடும்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன,
பிளேடு நுழைய இடமில்லை.
போட்டி போட்டு இறுக்கியதில் இடைவெளி தீர்ந்துபோய்
இரும்பு இரும்பைத்தான் நெரித்துக்கொண்டிருந்தது.
அச்சை யாரும் பிடித்திருக்கவில்லை.

உள்ளே தகரம் வைக்க வேண்டும். ஒற்றை ஆள் வேலையில்லை.
வண்டி நின்ற சத்தம்
மேட்டுக் காட்டில் கேட்டிருக்கும்.
கடப்பாரையோடு இறங்கி வந்தாள்.

டிரெய்லரைக் கழற்றிக் கல் வைத்தோம்.
ஜாக்கி ஏற்றினோம்.
அவள் கடப்பாரையால் உதட்டைப் பிளக்க
டால்டா டின்னிலிருந்து வெட்டிய தகரத்தை
நான் அச்சைச் சுற்றி நுழைத்தேன்.
"இன்னும்" என்றேன்.
"வழுக்குது" என்றாள்.
"இப்ப விடு."
முக்கால் கிலோவைப் பற்றி ஒன்றுமில்லை.

இறுக்கியபின் என் பாலிஷ் குப்பி வறண்டிருந்தது.
இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்து
மூடி திறக்காமல் மட்கார்டு மேல் வைத்துவிட்டு
ஏறிப் போய்விட்டாள்.
நாலு கோடும் மெரூனில் இழுத்தேன்.

செவ்வாய்க்கிழமை
பீன்ஸ் கொடிகளுக்குள் நின்று பார்த்தேன்.
முதல் லோடு இறக்கினாள். நிறுத்தினாள்.
ஸ்பேனரோடு குனிந்தாள்.
குழாய் இருக்கைக்குப் பின்னாலேயே கிடந்தது.