பக்கம் 301

நாவலைப் பக்கோடாக்காரர் வாங்கிக்கொண்டார்.
படத்தாளில் எண்ணெய் ஊறாதாம், மடித்தால் நிற்காதாம்.
அதனால் படங்கள் மட்டும் மிஞ்சின, ஏழு,
சைதாப்பேட்டையில் கவுஸ் பாயின் பழைய பேப்பர் கடையில்
தராசுக்கு அடியில்.

"நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை,
அந்த வரிசையில இதையும் சேர்த்துக்கம்மா,
கதையில்லாப் படம்" என்றார்.
அந்தப் பழமொழியின் வால்
வேலூர்ப் பெண்களைப் பற்றியது.
அதை விழுங்கிவிட்டு இருபது ரூபாய் கேட்டார்.

எக்ஸ்ரே அறையில் எனக்கு இரவு வேலை.
இரண்டு மணிக்கு மேல் எலும்புகள் வருவது குறைவு.
விளக்குப் பெட்டியில் படங்களைச் செருகிப் பார்த்தேன்.

முதல் படத்திலேயே முத்தம்.
கீழே பொடி எழுத்தில், பக்கம் 412.
முடிவை வாசலில் மாட்டிவைத்துவிட்டு
உள்ளே வாங்க என்கிற துணிச்சல்
அந்தக் காலத்து ஆட்களுக்கு இருந்திருக்கிறது.

அப்புறம் அவள்தான், படத்துக்குப் படம்.
குடையோடு, சேற்றைத் தாண்டாமல்.
கையுறையை ஒரு விரல் மட்டும் கழற்றி, மீதியைக் கழற்றாமல்.
கடிதத்தை நெருப்பருகே நீட்டி, போடாமல்.
அத்தனை துணியைச் சுமந்துகொண்டு எப்படி நிற்கிறாள் என்று
ஈய ஏப்ரனைக் கழற்றியபடி யோசித்தேன்.
நான் தினமும் நாற்பது பேரிடம் சொல்வதை
அவளிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்:
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க.
அடுத்த வாக்கியத்தைச் சொல்ல மறந்து
சீமையில் அச்சுக்கட்டை செதுக்கியவன்
சாப்பிடப் போய்விட்டான்.
பாவாடை மடிப்பில் அவன் கையெழுத்து, கடுகளவு.

மூன்றாம் படத்தில் கன்னம் நிறையக் கிருதா.
ஐந்தாம் படத்தில் மழமழவென்று முகம்.
ஒருத்திக்கு இரண்டு பேர் என்று ஒரு வாரம் கதை கட்டினேன்.
கிருதாவைக் கப்பலேற்றினேன்.
மழமழப்புக்கு நிறையக் கடன் வைத்தேன்.
இருட்டறையில் பிலிம் கழுவும் பிச்சாண்டி
ஈரக் கையோடு எட்டிப் பார்த்தான்.
"ஒரே ஆளுதான். காதைப் பாருங்க."
காது ஒன்றுதான்.
செதுக்கியவர்கள் இரண்டு பேராக இருக்கும் என்றான்.

அவன் என்னிடம் ஒன்று கேட்டு
அன்றைக்குப் பதினாறு நாள்.
யோசிக்கிறேன் என்றிருந்தேன்.
அவன் காதை அதுவரை நான் பார்த்ததில்லை.

படங்களைத் திருப்பிச் செருகினேன்.
வெற்று முதுகில்
எதிர்ப்பக்கத்து மை நூறு வருஷமாய் ஒட்டி ஒட்டிப்
பழுப்பாய் இறங்கியிருந்தது, இடவலம் மாறி.
இடவலம் மாறியதைப் படிப்பது என் பிழைப்பு.
ஒரே ஒரு வரி கிடைத்தது:
அவள் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால்.
ஆனாலுக்குப் பிறகு
பக்கோடா.

முதல் படத்தோடு ஒட்டிக்கிடந்த பட்டியல்
எட்டுப் படம் என்கிறது.
காணாமல் போனது பக்கம் 301.
தலைப்பு ஒற்றைச் சொல்: வாசலில்.
மழையா, வெயிலா, யார் உள்ளே, யார் வெளியே,
ஒன்றும் தெரியாது.
கவுஸ் பாய் மூட்டையைக் கவிழ்த்துக் காட்டினார்.
கரண்ட் பில்களும்
பத்தாம் வகுப்புக் கோனார் உரையும் விழுந்தன.

சித்திரை. கோட்டை மதில் ராத்திரியிலும் அனல் விட்டது.
நாலு நாளாய் இருட்டறையில் வேறு ஆள்.
அஞ்சாம் நாள் விடிய ஒரு மணி இருக்கும்போது
கதவருகே ஒரு மொட்டை, மீசையும் இல்லை,
தலையில் காய்ந்த சந்தனம்.
"எந்த வார்டு? சீட்டு இருக்கா?" என்றேன்.
சிரித்து, ஒரு பொட்டலத்தை நீட்டினான்.
திருப்பதியில் வேண்டுதலாம்.
என்ன வேண்டுதல் என்று அவன் சொல்லவில்லை.
லட்டின் நெய் தாளில் படர்ந்து
மறுபக்கத்து எழுத்தெல்லாம் தெரிந்தது,
எனக்கு வராத தெலுங்கில்.

முகத்தை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தேன்.

எப்போது மூச்சைப் பிடித்தேன் என்று தெரியவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
என் வேலையைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பவன்,
"இப்ப விடலாம்" என்றான்.