கைகள் மட்டும் வரவில்லை

முப்பத்தொன்பது வயதில்
காதல் மங்கா வரையத் தொடங்கினேன்.
காதலிக்கத் தொடங்கினேன் என்று சொல்லியிருந்தால்
தங்கை இவ்வளவு சிரித்திருக்க மாட்டாள்.

கண்கள் சீக்கிரம் வந்துவிட்டன.
பெரிதாகப் போட்டு
உள்ளே இரண்டு வெள்ளைப் புள்ளி விட்டால் போதும்,
யாரும் யாரையும் விரும்புவதுபோல் இருக்கும்.
முடி வந்தது, அதைக் கலைக்கும் காற்றும் வந்தது.
மழைக்கு அளவுகோல் உதவியது.
பேனா முள் மட்டும் முரண்டு பிடித்தது:
அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும்.
முத்திரை குத்திப் பழகிய என் கைக்கு
விடத் தெரியாது.
அதனால் நாயகிக்கு எந்நேரமும் கோபப் புருவம்.
அதையும் சமாளித்தேன்.
கைகள் மட்டும் வரவில்லை.
ஐந்து விரலும் முள்ளங்கிக் கட்டு.

ஆகவே என் கதையில்
எல்லோர் கையும் கோட்டுப் பைக்குள்.
பதினாறு பக்கமும் குளிர்காலம்.
நாயகி மிசுசாவா, நாயகன் கித்தகாமி.
பெயருக்கு நான் அலையவில்லை,
வேலைக்குப் போகும் வழியில்
நெடுஞ்சாலையின் பச்சைப் பலகையில் இருந்தவை.
இருவருக்கும் நடுவே அரை மணி தூரம்.

முதல் பக்கத்திலேயே தவறு.
வலமிருந்து இடம் ஓடும் கட்டத்தில்
பேச்சுக் குமிழிகளை மாற்றி வைத்துவிட்டேன்.
"வரமாட்டேன்" என்று அவள் சொன்ன பிறகு
"வருகிறாயா" என்று அவன் கேட்கிறான்.
ரப்பரை எடுத்தேன். மை காய்ந்திருந்தது.
எனக்கும் ஒருமுறை அப்படித்தான் நடந்தது,
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுங்கச்சாவடி, மூன்றாம் வாயில், இராப்பணி.
என் ஜன்னலுக்கு வருபவை கைகள்தான்.
கையுறை போட்டது,
மோதிரம் கழற்றிய வெளிறல் உள்ளது,
பொரித்த கோழி மணப்பது,
காசைக் கொடுக்காமல் எறிவது.
நான்கு விநாடி, அடுத்தது.
பதினொரு வருடம் பார்த்தும்
ஒன்றுகூட என் பென்சிலுக்குள் இறங்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சின்ன வெள்ளைக் கார்.
பக்கத்து இருக்கையில் ஒரு பெண்
அவன் இடக்கையைப் பிடித்தபடி தூங்குகிறாள்.
இழுத்தால் விழித்துவிடுவாள்.
பர்ஸைப் பல்லில் கடித்துக்கொண்டு
வலக்கையால் ஜிப்பைத் திறந்து
ஒவ்வொரு நாணயமாக எடுத்தான்.
பின்னால் லாரி ஒலிப்பானை அடித்துவிடக் கூடாதே என்று
எனக்குப் படபடப்பு.
நன்றியைப் புருவத்தால் சொன்னான்.
தடுப்பு உயர்ந்தது, போய்விட்டார்கள்.

விடிந்ததும் வரைந்தேன்.
முதல் படத்தில் அவன் மீன் கவ்விய நாய்.
ஐந்தாவதில் நாய் போயிற்று,
மீன் இருந்தது.

அடுத்த இரவு, வண்டியில்லாத மூன்று மணிக்கு
நான்காம் வாயில் ஓயிகாவாவிடம்
என் பர்ஸைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன்.
ஏன் என்று கேட்கவில்லை மனிதர்.
கடித்தபடியே,
"இழக் கை எங்கே?" என்றார்.
மேசைமேல் வையுங்கள் என்றேன்.

யாரும் பிடித்திராத கை
எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன்:
உள்ளங்கை மேலாக,
விரல்கள் சற்றே மடங்கி,
கனமான எதையோ இறக்கிவைத்துவிட்டு
எங்கே வைத்தோம் என்று மறந்ததுபோல்.
வரைந்தேன். வந்துவிட்டது.
கட்டைவிரல் கொஞ்சம் நீளம்.

பதினேழாம் பக்கம் முழுக்க அந்தக் கைதான்.
குமிழி இல்லை, பனிகூட இல்லை.

நகரக் கூடத்துச் சந்தையில்
பன்னிரண்டு பிரதி வைத்தேன், நான்கு போயிற்று.
நான்காவதை வாங்கிய பள்ளிக்கூடப் பெண்
நின்ற இடத்திலேயே படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:
"கடைசியில் இருக்கும் கை யாருடையது?
மிசுசாவாவா, கித்தகாமியா?"

அவளுக்கு நூறு யென் மீதி தர வேண்டியிருந்தது.
நல்லவேளை, குனிந்து பர்ஸை எடுத்தேன்.
தோலில் இரண்டு பல் தடம்.