ஒருவரும் பாவிக்காத சிப்

"ஒருவரும் பாவிப்பதில்லை, எடுத்துவிடுவோம்"
என்று எழுதியிருந்தான் யாரோ ஒரு பின்லாந்துக்காரன்.
நியாயம்தான்.
கொம்பைலர் மாறும் ஒவ்வொரு தடவையும்
முதலில் உடைவது அந்தச் சிப்தான்.
கூலியில்லாத என் ஞாயிறுகளைத் தின்று கொழுத்தது.
நானூற்றுச் சொச்சம் வரிகளையும் அழிக்கும்
கட்டளையை அடித்து,
என்டரை அழுத்தாமல் படுத்தேன்.

விடிய, வாழைச்சேனைத் துறைமுகம்.
ஐஸ் ஆலையில் வைஃபை இல்லையென்று
மஃறூப் கூப்பிட்டிருந்தார்.
ஏணி வைத்து ஏறினால்
குளிரறையின் வெப்பத்தைப் பார்த்தபடி
நைலோன் நூலில் தொங்குகிறது
அதே சிப்.
உப்புப் பூத்த பலகை. பச்சை வெளிச்சம்.

"ஒன்பது வருசம். ஒருக்காலும் தொட்டதில்லை."

தொட்டதில்லை.
ஒன்பது வருசமாய் நான் அடைத்த ஓட்டைகளில்
ஒன்றுகூட இந்த ஏணியில் ஏறவில்லை.
வயரைச் செருகினேன்;
முதல் வரியில் என் பெயர்,
கலியாணத்துக்கு முந்திய முதலெழுத்தோடு.

சிரிப்பு வந்தது.
வைஃபையைச் சரிபண்ணிவிட்டு
ஒரு பாரைமீனோடு வீடு வந்தேன்.

மறுகா, வரிகளை விட்டுவிட்டுக்
கட்டளையை அழித்தேன்.
அந்தச் சிப்புக்கும் சேர்த்துக்
கட்டுமானம் ஓடத் தொடங்கியது.
நாலு மணித்தியாலம் எடுக்கும்,
கரண்ட் நின்றால்.
மீன் வெட்ட நேரம் கிடக்கு.