இருபத்தாறு

பெர்கனில் மழை ஒரு செய்தி அல்ல.
நான்காம் மாடி, வடமேற்கு மூலை.
மண்டியிட்டு
ஈரமானியின் இரண்டு ஊசிகளையும்
பலகைக்குள் அடிக்கிறேன்.
சுத்தியல் ஓசை உள்ளே போய்
பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இருபத்தாறு.

பதினைந்துக்கு மேல் மூடக்கூடாது என்கிறது
நான் கையெழுத்திட்ட தாள்.
வெள்ளிக்கிழமை கான்கிரீட் வருகிறது என்கிறது
ஐவின்டின் தாள்.
இரண்டுமே கொஞ்சம் நனைந்திருந்தன.

"கருவி பழசு" என்றான்.
அவன் மேசையிலேயே குத்திக் காட்டினேன்:
எட்டு.
மேசையில் துளை விழுந்த கோபம்
அவனுக்கு இன்னும் தீரவில்லை.

ஸ்ப்ரூஸ் பலகையின் குணம் அப்படி.
முகத்தில் நாளெல்லாம் பெய்தாலும்
துடைத்துப் போட்டுவிடும்.
வெட்டுமுனையில் ஒரு சொட்டு தேங்கினால் போதும்,
நின்ற காலத்துப் பழக்கம் விடாமல்
உறிஞ்சத் தொடங்கும்.
கொண்டுபோய்க் கொடுக்க
மேலே ஓர் இலைகூட இல்லை.

கூரை போட்டாயிற்று. இடுக்கெல்லாம் நாடா ஒட்டியாயிற்று.
பின் எங்கிருந்து தண்ணீர்?

லெஷெக்தான் கண்டுபிடித்தான்.
ஆகஸ்டில், மழைக்கு அஞ்சி
நான் சொல்லி அவன் விரித்த நீலத் தார்ப்பாய்.
ஓரத்தைத் தூக்கினால்
அடியில் வியர்த்துக் கிடந்தது பலகை,
காய்ச்சல்காரன் முதுகுபோல.
எப்படியோ புகுந்த கொஞ்சத்துக்கு
வெளியேற வழி வைக்காதவள் நான்.

அறிக்கையில்
'காரணம்' என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்.
ஐவின்ட் படித்தான்.
ஒன்றும் சொல்லாமல்
கலவை லாரிக்காரனைத் தொலைபேசியில் அழைத்தான்.

நாற்பத்தொரு நாள் விசிறி ஓடியது.
சூட்டை ஏற்றவில்லை;
அவசரப்பட்டால் மேலே வெடிக்கும்,
உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.
இருபத்து நாலு. இருபத்திரண்டு.
பிறகு ஒரு வாரம் அசையாமல்
அதே இருபத்திரண்டு.
கிறிஸ்துமஸுக்குள் காயாது என்று
ஒரு பெட்டி காபி பந்தயம் கட்டிய லெஷெக்
தினமும் காலையில் வந்து
எண்ணைப் பார்த்துப் புன்னகைப்பான்.

பதினான்கு வந்த அன்று
காபியை அவனே போட்டுக் கொடுத்தான்.
கசந்தது. குடித்தேன்.

ஊசித்துளை இரண்டும் இப்போது
கான்கிரீட்டுக்கு அடியில்.
அதற்கு மேலே
ஒரு பல்மருத்துவரின் காத்திருப்பு அறை.
போன வாரம் பல்வலியோடு போனேன்.

வடமேற்கு மூலையில்
குடை வைக்கும் தொட்டி.
சொட்டிக்கொண்டிருந்தது.