விரல் பதியாதவர்

கீரிப்பாறையில் நேற்று பாராட்டு விழா.
நாற்பத்திரண்டு பொன்னாடைகள் வந்திருந்தன.
வாங்கியதற்கு விரல் வைக்க வேண்டும்,
கருவி என் கையில்.

றோஸ்லெட்பாய்க்குக் கட்டைவிரல் பதியவில்லை.
சுட்டுவிரலும்.
சேலையில் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தார்.
ம்ஹூம்.

"இருபத்தாறு வருசமா பால்வெட்டு சாரே,
ரேகையெல்லாம் ஒட்டுப்பாலோட உரிஞ்சு போச்சு"
சிரித்தார்.
பின்னால் வரிசை நெளிந்தது.

மேடையில் யாரோ
நாட்டின் முதுகெலும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க
இவர் வானத்தைப் பார்த்தார்.
மூன்று நாள் மழைக்குப்பின்
இன்றைக்குத்தான் வெட்டு.
சிரட்டைகள் நிறைந்திருக்கும்,
மழை விழுந்தால் அவ்வளவும் வீண்.

"சால்வ இருக்கட்டும், பொறவு வாறேன்."
மரங்களுக்குள் போய்விட்டார்.

விழா முடிந்து தேடிப் போனேன்,
பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
முந்நூறு மரம் இருக்கும்.
அத்தனையிலும்
இடமிருந்து வலமாய் இறங்கும் ஒரே சாய்வு,
தடியில் படாமல்
பட்டையோடு நின்றுவிட்ட கத்தி.
விடியுமுன்னே,
நெற்றி விளக்கின் வெளிச்சத்தில்.

ஒரு கோட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தேன்,
பால் ஒட்டியது.

வாளியோடு நிமிர்ந்தவர் கேட்டார்:
"மெசினக் கொண்டுவரல்லியா சாரே?"

ஜீப்பிலேயே விட்டிருந்தேன்.