தாமதக் குறியீடு 32

கார்த்திகை மழை பலாலியில் சாய்ந்துதான் பெய்யும்.
குடை எனக்கென்றால் கடதாசி நனையும்.
கடதாசிக்குத்தான் பிடிப்பேன்.
அறுபத்தொரு பேரின் நிறை அதில் இருக்கிறது.

பின்கதவால் ஏறி
இருக்கைகளுக்கு நடுவே சப்பாத்து சளக்சளக்கென
விமானியறைக்குப் போனேன்.
கேப்டன் செல்வின் துரை கையெழுத்து வைத்தார்.
திகதி போடுகிற இடத்தில்
நேற்றைப் போட்டார்.

"சேர், இண்டைக்கு வியாழன்."
"ஆமா, வியாழன்." வெட்டித் திருத்தினார்.
"எத்தன பேரும்மா?"
அறுபத்தொன்று.
பேனாவை மூடினார். திறந்தார்.
"எத்தன பேரு?"

விடிய மூன்றேகாலுக்கு எழும்பினவர்.
சென்னை, திருச்சி, சென்னை, மதுரை, சென்னை, பலாலி.
இனி ஒன்று பாக்கி.
"சரியாத் தூக்கம் இல்லம்மா" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.
நாங்கள் நித்திரை என்போம்.
தூக்கம் என்றால் எனக்குச் சிறகின் பக்கம்தான் கேட்கும்:
அடியில் காற்றுப் பிடித்து மேலே தூக்குகிற ஒன்று.
அது குறைந்தால் என்ன நடக்குமென்று
பயிற்சியில் படம் போட்டுக் காட்டினவை.

போன மாதம், வெயில் நாளொன்றில், அவரே சொன்னவர்:
"சக்கரக் கட்டைய எடுத்தாத்தான் எனக்கு மீட்டர் ஓடும்.
நிக்கிற நேரமெல்லாம் தர்மம்."
எங்கட சந்தியில் ஓட்டோ ஓடுகிற கெங்காதரன்
வெயிட்டிங்குக்கும் காசு எடுப்பான் என்றேன்.
வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அப்படிச் சிரித்து நான் காணவில்லை.
ஏலாது என்று சொல்லலாமாம். சட்டம் இருக்கிறதாம், படிவமும் இருக்கிறதாம்.
அந்தப் படிவத்தை நிரப்பின மாதம்
மகளின் கல்லூரிக் கட்டணம் பிந்தியதாம்.

பக்கத்து இருக்கையில் ரிதிமா.
வேலை இன்னும் நிரந்தரமில்லை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சுவிட்சில் இருந்த விரலை மட்டும் எடுத்து
மடியில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.

"சேர், பொதி ஒண்டு கணக்கோட பொருந்தேல்லை. எண்ணவேணும்."

பொய்.
நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டும் சரி.

மழைக்குள் பொதியறையைத் திறப்பித்தேன்.
சுகிர்தன் திட்டத் திட்ட இறக்கினோம்:
ஒடியல் மணக்கிற பெட்டி,
கண் ஆசுபத்திரிக்குப் போகிறவரின் சாக்குப் பை,
கூறைச்சீலை எடுக்கப் போகிற
வெறும் சூட்கேஸ்கள் ஒன்பது.
கோபுரத்திலிருந்து கேட்டார்கள். பத்து நிமிடம் என்றேன்.
திரும்பவும் கேட்டார்கள்.
இருட்டுக்கு முன் போகவேண்டும், தெரியும்.
முப்பத்தியொன்று, முப்பத்திரண்டு...
வேணுமென்றே பிழைவிட்டு
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

நிமிர்ந்து பார்த்தேன்.
முன்கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது.
அதற்குள் ஒரு தலை தோளில் சரிந்து, வாய் திறந்து.
ரிதிமா நிமிர்ந்திருந்து
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு நிமிடம்.
எழும்பினவருக்குக் கோபம்:
"இந்த நேரத்துக்கு யாரு குடுப்பா?"
என்னிடம் பதில் இல்லை. அவருக்கும் அது தெரியும்.
புதுத் தாளில் கையெழுத்திட்டார்.
திகதி சரியாக விழுந்தது.
எத்தனை பேரென்று
ஒரு தடவைதான் கேட்டார்.

சுகிர்தன் கட்டையை இழுத்தான். மீட்டர் ஓடத் தொடங்கிற்று.
இன்னும் விடுபடாத காணிகளின் முட்கம்பிக்கு மேலால்
விளக்கு ஒன்று ஏறி முகிலுக்குள் போனது.
சென்னையில் இறங்கிய செய்தி ஏழு பத்தொன்பதுக்கு வந்தது.
அதுவரை நான்
ஈரச் சப்பாத்தைக் கழற்றவில்லை.

திங்கட்கிழமை கடிதம் வந்தது.
குறியீடு முப்பத்திரண்டு: ஏற்றியிறக்கலில் தாமதம்.
பொறுப்பு என் பெயரில். ஒருநாள் சம்பளம்.
விளக்கம் எழுதும்படி மூன்று வரி விட்டிருந்தார்கள்.
எழுதினேன்:

நிறை சரியாக இருந்தது.
பொதி ஒன்று பொருந்தவில்லை.
கொஞ்ச நேரம் இறக்கிவைத்துவிட்டுத் திரும்ப ஏற்றினோம்.