காதும் காதும் வைத்தாற்போல்

திங்கள் இரவு பதினொன்றரை.
ஓலெசுன் துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்க
சமையலறை மேசையிலிருந்து
முன்னூற்றுப் பன்னிரண்டு கணினிகளுக்கும்
ஒரே ஒரு வரி அனுப்பினேன்:
பட்டியலில் இல்லாத எதனோடும் இணையாதே.

காரணம் இருந்தது.
பெர்கனிலிருந்து தணிக்கைக்கு வந்த பெண்
எங்கள் கார் நிறுத்தத்தில், வண்டிக்குள் உட்கார்ந்தபடி
மடியில் ஒரு மலிவு விசைப்பலகையை வைத்து
இரண்டாம் மாடித் திரையொன்றில்
'கதவைச் சாத்துங்கள்' என்று தட்டினாள்.
சால்மன் விலைப்பட்டியலின் நடுவே
கிலோவுக்கும் குரோனுக்கும் இடையில் விழுந்தது அது.
இயக்குநர் ஹல்வார்ட் சிரிக்கவில்லை.
நானும்தான்.

செவ்வாய் காலை பதிவேட்டைத் திறந்தால்
'தடுக்கப்பட்டவை' என்ற தலைப்பின் கீழ்
அலுவலகமே வரிசையில் நிற்கிறது.
கிடங்கு ஸ்பீக்கர்.
தொடாதே என் மௌஸ்.
விவாகரத்துக்குப் பிந்தைய ஹெட்போன்.
பொருளுக்குப் பெயர் சூட்டும்போது
இதை யார் படிக்கப்போகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.
நான் படிக்கிறேன்.
எனக்குச் சம்பளமே அதற்கு.

ஒன்பதரைக்குள் பறிகொடுத்தவர்கள் என் வாசலில்.
கிடங்கிலிருந்து ஓட்வார்
காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல
ஸ்பீக்கரைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார்.
மற்றவர்களுக்குக் கம்பி மௌஸ் கொடுத்தேன்;
எலிக்கு வால் முளைத்துவிட்டது என்று
முனகிக்கொண்டே போனார்கள்.

இரண்டு பெயருக்கு மட்டும் ஆள் வரவில்லை.

வலது.
இடது.

அவ்வளவுதான் பெயர்.
9:02, 9:02, 9:03, 9:03
நாற்பத்தொரு முறை தட்டியிருக்கின்றன,
நாற்பத்தொரு முறை என் வரி மறுத்திருக்கிறது.
கணக்குப் பிரிவு, யோரூனின் கணினி.

ஒன்பது மணிக் காணொளிக் கூட்டம் நினைவில் ஏறியது.
ஹல்வார்டின் நகைச்சுவைக்கு
அரை நொடி பிந்திச் சிரித்த ஒரு சதுரம்.
ஒவ்வொரு வாயாகப் பார்த்துப் பார்த்துத்
தலையாட்டிக்கொண்டிருந்த முகம்.
ஏழு வருடமாய் ஒரே காபி இயந்திரம் எங்களுக்கு,
அவள் கூந்தலைக் காதோரம் ஒதுக்கி
ஒருநாளும் பார்த்ததில்லை.

விதிவிலக்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
காரணம்.
நிரப்பாமல் நகரவிடாது; அப்படி அமைத்தவள் நான்தான்.
நிரப்பினால் பிரிவுத் தலைவர் படிப்பார்,
பெர்கன்காரி படிப்பாள்,
காலாண்டு அறிக்கையில் அச்சாகும்.
ஏழு வருடம் மறைத்தவள்
இதற்காகவா என் வாசலுக்கு வருவாள்?

இன்னொரு மனம் சொன்னது:
கார் நிறுத்தத்தில் இருப்பவனும்
இப்படி அப்பாவியாய்த்தான் பெயர் வைப்பான்.
பார்க்காமல் திறக்காதே.

கையில் ஒரு கம்பி மௌஸுடன், சாக்குக்கு,
அவள் மேசைக்குப் போனேன்.
ஒட்டுத்தாளில் இரண்டு எண்களை எழுதி நீட்டினேன்.
இவை உங்களுடையவையா?
யோரூன் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
திரும்பி, யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு
கூந்தலை ஒதுக்கினாள்.

படிவத்தில் எழுதினேன்:
ஒலிச் சாதனம், எண்ணிக்கை இரண்டு, நேரில் சரிபார்த்தது.
அதில் பொய்யில்லை.
ஒட்டுத்தாளைக் கிழித்து
காபித்தூள் ஈரத்தோடு குப்பையில் போட்டேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில்
ஹல்வார்ட் அதே நகைச்சுவையை மறுபடி சொன்னார்.
எல்லோரும் சிரித்தோம்.
யோரூன் சிரிக்கவில்லை.
இந்த முறை அவளுக்கு
முழுதாகக் கேட்டுவிட்டது.